புது கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7 போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் கவனமாக இருங்கள்

"புது மெஷின்ல செவன் சூப்பரா ஓடும்க்கா, டிரைவர் எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்" என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். முக்கியமாக டிடிபி சென்டர், ஸ்டுடியோ, ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்கள். பழைய ஸ்கேனரையும் பழைய பிரிண்டரையும் நம்பித் தொழில் செய்கிற நம்மிடம்தான் இந்தப் பேச்சு விலைபோகிறது.

கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் டிசைன் செய்து சிவகாசிக்கு அனுப்புவது என் தொழில். பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கர் விண்டோஸ் 10-இலும் எப்படியோ ஓடிவிடும். என் ஏ3 ஸ்கேனருக்குத்தான் 7-க்கு மேல் டிரைவர், அதாவது அதை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள், வரவில்லை. பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டு போனதும், ஸ்கேனர் மாடலைத் தாளில் எழுதிக் கொடுத்து, இது ஓடினால்தான் எனக்கு மெஷினே வேண்டும் என்று சொல்லித்தான் அசெம்பிள் செய்யச் சொன்னேன். சரி என்றார்கள். இன்டெல் 10-ஆம் தலைமுறை ஐ3 போட்டு, கடையிலேயே ஆன் செய்து காட்டினார்கள். டெஸ்க்டாப் வந்தது, பேஜ்மேக்கர் திறந்தது, பணம் கைமாறியது.

என் கடைக்குக் கொண்டுவந்து ஸ்கேனரைச் செருகினால் ஒரு சத்தமும் இல்லை. பென்டிரைவ் செருகினேன், அதுவும் இல்லை. புத்தம் புது மெஷினுக்கு யுஎஸ்பி இல்லாமல், ஊதாவும் பச்சையுமாகப் பழைய உருண்டைப் பின் வைத்த கீபோர்டு, மவுஸ் கொடுத்திருந்த காரணம் அப்போதுதான் விளங்கியது. யுஎஸ்பி போர்ட் ஒன்றுகூட வேலை செய்யாது என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. திரையும் 1024-க்கு 768-இல் நின்றுவிட்டது. அகல மானிட்டரில் பத்திரிகை முகப்பின் பிள்ளையார் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரிந்தார். வட்டத்தை வட்டமாகக் காட்டாத திரையில் டிசைன் வேலை எப்படிச் செய்வது?

விஷயம் இதுதான். விண்டோஸ் 7 வந்தது 2009-இல். யுஎஸ்பி 3-க்கான டிரைவர் அதற்குள் கிடையாது. பழைய போர்டுகளில் யுஎஸ்பி 2-க்கென்று தனி கன்ட்ரோலர் (போர்ட்டை இயக்கும் பகுதி) இருந்ததால் சமாளித்துவிடும். 2015-இல் வந்த 6-ஆம் தலைமுறையோடு இன்டெல் அந்தப் பழைய கன்ட்ரோலரை எடுத்துவிட்டது. அதனால்தான் புது போர்டில் செவன் இன்ஸ்டால் செய்யும்போதே யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் செத்துப்போகும். அதற்கு அடுத்த தலைமுறைச் சிப்களிலிருந்து விண்டோஸ் 10-க்கு மட்டும்தான் ஆதரவு என்று 2016 ஜனவரியிலேயே மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. 10-ஆம் தலைமுறைச் சிப்பில் உள்ள கிராபிக்ஸுக்கு இன்டெல் தரும் விண்டோஸ் 7 டிரைவர் என்று ஒன்று இல்லவே இல்லை. தினமும் அசெம்பிள் செய்கிற கடைக்கு இது தெரியாமல் இருக்காது.

திருப்பி எடுத்துப் போனேன். ஒரு தம்பி அரை மணி நேரம் உட்கார்ந்து, "கிளீன் பண்ணியாச்சுக்கா, இனிமே எரரே வராது" என்று கொடுத்தான். கம்ப்யூட்டரில் உள்ள பாகங்களை விண்டோஸ் பட்டியலிட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். டிரைவர் இல்லை என்று காட்டும் மஞ்சள் ஆச்சரியக்குறிகள் போயிருந்தன, ஆனால் அந்த இடத்தில் கீழ்நோக்கிய சின்ன அம்புக்குறிகள். டிரைவர் போடவில்லை, டிவைஸையே டிசேபிள் செய்து வைத்திருக்கிறான். கேட்டதற்கு "அது தேவையில்லாத ஐட்டம்" என்றார் முதலாளி. ப்ராப்பர்ட்டீஸில் டீட்டெயில்ஸ் போய் ஹார்டுவேர் ஐடியைப் பார்த்தால் 8086 என்றிருந்தது, அது இன்டெல்லின் எண். அவர் தேவையில்லை என்று சொன்னது இன்டெல் யுஎஸ்பி கன்ட்ரோலரை. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. முடியாது என்று சொல்லியிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை.

அடுத்த முறை "டிரைவர் சார்ஜ்" என்று தனியாக 1,500 ரூபாய் வாங்கினார்கள். யாரோ திருத்திப் போட்ட டிரைவர்களை எங்கிருந்தோ இறக்கிப் போட்டிருந்தார்கள். திரையின் வலது கீழ் மூலையில் "டெஸ்ட் மோட், விண்டோஸ் 7, பில்டு 7601" என்று நிரந்தரமாக எழுத்து நின்றது. முறையான டிஜிட்டல் கையெழுத்து இல்லாத டிரைவரையும் ஏற்றுக்கொள்ளும்படி விண்டோஸின் பாதுகாப்பைத் தளர்த்தி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எந்தக் கடையிலாவது அந்த எழுத்தைப் பார்த்தால் மெஷினை வாங்காதீர்கள். டிரைவரோடு சேர்ந்து வந்த ஏதோ ஒரு சாஃப்ட்வேர், பிரவுசரைத் திறந்தால் விளம்பரமாகக் கொட்டியது. ஸ்கேனர் இப்போது தெரிந்தது, ஆனால் பாதி ஸ்கேனில் விண்டோஸ் முடங்கி நீலத்திரை. முகூர்த்த மாதத்தில், வாடிக்கையாளர்கள் பெஞ்சில் காத்திருக்க. பணத்தைத் திருப்பிக் கேட்டால் "ஓ.எஸ். போட்டது சர்வீஸ்க்கா, அதுக்கு ரீஃபண்ட் கிடையாது" என்கிறார்கள். விண்டோஸுக்கு லைசென்ஸும் இல்லை, பில்லில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

கடைசியில் தெரிந்த பையன் ஒருவன் அதே மெஷினில் விண்டோஸ் 10 போட்டு, அதற்குள் விர்ச்சுவல்பாக்ஸில் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓடும் மென்பொருள்) விண்டோஸ் 7 வைத்து, யுஎஸ்பி ஸ்கேனரை அதற்குத் திருப்பிவிட்டான். ஸ்கேனர் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. பழைய ஸ்கேனர்களுக்குத் தானே டிரைவர் வைத்திருக்கும் வியூஸ்கேன் என்ற கட்டண மென்பொருளும் இருக்கிறது, உங்கள் மாடல் அதில் ஓடுகிறதா என்று பாருங்கள். இல்லை, நேரடியாக 7-தான் வேண்டும் என்றால் 4-ஆம் தலைமுறை ஆபீஸ் மெஷின் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு ஒழுங்கான டிரைவர் உண்டு. நெட் மட்டும் கொடுக்காதீர்கள், 2020 ஜனவரியோடு செவனுக்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது.

எந்த வழியில் போனாலும், பணம் கொடுக்கும் முன் உங்கள் ஸ்கேனரைக் கையோடு கொண்டுபோய்ச் செருகி ஒரு பக்கம் ஸ்கேன் செய்து பாருங்கள். டிவைஸ் மேனேஜரை நீங்களே திறந்து மஞ்சள் குறியும் இல்லை, அம்புக்குறியும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். "விண்டோஸ் 7, எல்லா டிரைவரும் சேர்த்து" என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். "நீங்க கடைக்காக வாங்கினது, கன்ஸ்யூமர் கேஸ் நிக்காது" என்று அந்த முதலாளி மிரட்டிப் பார்த்தார். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணமும் கிடையாது. பில், ஸ்கேனர் மாடல் எழுதிக் கொடுத்த தாளின் போட்டோ, டெஸ்ட் மோட் தெரியும் திரையின் போட்டோ மூன்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். இதே மாதிரி மாட்டியிருப்பவர்கள் மெஷினை ஃபார்மட் செய்வதற்கு முன்னால் உங்கள் திரையையும் போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.