வேலூர்ப் பக்கத்துப் பெற்றோர் கவனத்துக்கு: விமானப் பயிற்சி என்ற பெயரில் எங்களிடம் 85,000 ரூபாய் பிடுங்கிய கதை

கோபம் அடங்கட்டும், பிறகு எழுதுங்கள் என்கிறார் என் மனைவி. அது அடங்குவதற்குள் இன்னும் நாலு குடும்பம் நகையை அடகு வைத்துவிடும். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

வேலூர் நகரில் மாடியில் இயங்கும் ஒரு பயிற்சி மையம். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், வாசலில் ஆளுயர விமானப் பணிப்பெண் படம். பெயரைப் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று ஏற்கெனவே மிரட்டியாகிவிட்டது. விமானப் பாதுகாப்பு, சைபர் பாதுகாப்பு, சஸ்டெயினபிலிட்டி (சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் தொழில் நடத்துவது) மூன்றுக்கும் சேர்த்து ஒரே சான்றிதழ், கையோடு வேலை என்று குடியாத்தம் பஸ்களின் முதுகில் எல்லாம் விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். என் அக்கா மகள் பி.எஸ்சி. முடித்தவள். அவளைச் சேர்க்கக் கட்டியது 85,000 ரூபாய். அக்காவின் வளையல்கள் கூட்டுறவு வங்கிக்குப் போய் வந்த பணம் அது.

சேர்க்கை நாளன்று அந்த மேலாளர் அம்மையார் நடந்துகொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். அக்காவுக்கு மாடி ஏறி மூச்சு வாங்கியது. தானே எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தார், மின்விசிறியைத் திருப்பி வைத்தார். "அம்மா, இனி உங்கள் மகள் என் பொறுப்பு" என்றார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணா, அப்துல்லாபுரம் விமான நிலையம் திறந்தால் உள்ளூர்ப் பிள்ளைகளைத்தான் முதலில் எடுப்பார்கள், இப்போதே சான்றிதழ் கையில் இருக்க வேண்டாமா?" என்றார். சிறு ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சேர்த்துப் பல ஆண்டுகளாகத் திறப்பை எதிர்பார்த்துக் கிடக்கும் அந்த நிலையத்தின் பெயரைச் சொன்னால் வேலூர்க்காரன் மனம் இளகும் என்று தெரிந்தே சொன்னார். சுவரில் ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வின் சின்னம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அங்கீகாரக் கடிதத்தைக் காட்டுங்கள் என்று கேட்டேன். "புதுப்பிக்க டெல்லிக்குப் போயிருக்கிறது அண்ணா, வந்ததும் முதல் நகல் உங்களுக்குத்தான்" என்றார். கட்டணம் 1,10,000, அன்று மாலைக்குள் கட்டினால் 85,000. கட்டினோம். ரசீதின் பின்பக்கம் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் "எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது" என்று அச்சடித்திருந்ததை வீட்டுக்கு வந்துதான் படிக்க முடிந்தது.

வகுப்புகளைப் பற்றி எழுத அதிகம் இல்லை. விமானப் பாதுகாப்பு என்றால் ஏ, பி, சி எழுத்துகளுக்கு வானொலியில் சொல்லும் ஆல்பா, பிராவோ, சார்லி என்று மனப்பாடம். இந்தத் துறையில் பாதுகாப்பு மேலாண்மைக்கென்றே ஐ.சி.ஏ.ஓ. 2013இல் 19ஆம் இணைப்பு என்ற விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. அதன் பெயரைக்கூட எவரும் உச்சரிக்கவில்லை. சைபர் பாதுகாப்பு வகுப்பு எடுத்தவரின் கணினித் திரை ஓரத்தில் கடவுச்சொல் மஞ்சள் தாளில் எழுதி ஒட்டப்பட்டிருந்ததாம். அக்கா மகள் அதைச் சொல்லிச் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. சஸ்டெயினபிலிட்டிக்கு மரம் நடும் வீடியோ. விமான நிறுவனங்களின் கார்பன் உமிழ்வை ஈடுகட்டும் கோர்சியா திட்டம் 2016இலேயே ஏற்கப்பட்டு நடந்துகொண்டிருக்கிறது. அதெல்லாம் எதற்கு, மரம் நட்டால் போதும் என்று நினைத்திருப்பார்கள்.

சான்றிதழை எடுத்துக்கொண்டு மீனம்பாக்கத்துக்கு நேர்காணலுக்குப் போனோம். அங்கிருந்த அலுவலர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூலையில் இருந்த க்யூஆர் குறியைத் தன் செல்போனில் காட்டினார். திறந்தது சரிபார்ப்புப் பக்கம் இல்லை, அந்த மையத்தின் சேர்க்கை விண்ணப்பம்! பெயர், செல்போன் எண், எந்த பேட்ச் என்று கேட்டது. அவர் பொறுமையாகச் சொன்னார்: பயணிகளின் பெட்டிகளைச் சோதிக்கும் வேலைக்கு வெளியே பயிற்சி முடித்துவிட்டு வர முடியாதம்மா, நிறுவனமே வேலைக்கு எடுத்துக்கொண்டு, மத்திய அரசின் விமானப் பாதுகாப்பு அமைப்பான பி.சி.ஏ.எஸ். அங்கீகரித்த மையத்துக்குப் பெயரை அனுப்பும். ஆபத்தான சரக்குகளைக் கையாளும் சான்றிதழாவது இருக்கிறதா என்று கேட்டார். அதுவும் 24 மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியதாம். அவளிடம் அது இல்லை. இருந்ததெல்லாம் 85,000 ரூபாய்த் தாள் ஒன்றுதான்.

திரும்பி வந்து கேட்டதிலிருந்து ஆரம்பித்தது அலைக்கழிப்பு. மேடம் சென்னைக் கிளையில் இருக்கிறார். கணக்குப் பிரிவில் பேசுங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவர் நேற்றுத்தான் சேர்ந்தார், அவருக்கு எதுவும் தெரியாது. வாட்ஸ்அப் குழுவில் கேள்வி கேட்டதும், அட்மின் மட்டுமே எழுதலாம் என்று மாற்றினார்கள், பிறகு அவளை நீக்கிவிட்டார்கள். "இனி என் பொறுப்பு" என்ற அம்மையார் கடைசியில் ஒரு நாள் அகப்பட்டார். கூச்சமே இல்லாமல் சொல்கிறார்: "இன்னும் 15,000 கட்டினால் சர்வதேசச் சான்றிதழாக மாற்றித் தருகிறோம், அண்ணா." 85,000 ரூபாயை விழுங்கியவர்களுக்கு இன்னும் பசி! என் அக்கா அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். இந்த முறை தண்ணீர் கொடுக்க ஒருவரும் எழுந்து வரவில்லை.

என்னென்ன பார்த்துச் சேர வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். விமானப் பராமரிப்புப் படிப்பு என்றால் மத்திய அரசின் விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ. இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது, அதில் பெயரைப் பாருங்கள். ஐ.சி.ஏ.ஓ., விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான ஐயாட்டா என்று சொன்னால் அவர்களுடைய இணையதளத்தில் நீங்களே தேடுங்கள், சுவரில் மாட்டிய சின்னத்தைப் பார்க்காதீர்கள். கடிதம் டெல்லிக்குப் போயிருக்கிறது என்றால் அது வரும்வரை பணமும் வீட்டிலேயே இருக்கட்டும். இன்று மாலைக்குள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ரசீதின் பின்பக்கத்தை அங்கேயே படியுங்கள்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். நாங்கள் வரும் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க் கூட்டத்தில் மனு கொடுக்கிறோம். காட்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று எந்த ஊராக இருந்தாலும், இதே மாடியில் ஏமாந்தவர்கள் ரசீதையும் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு காலை பத்து மணிக்குள் வந்து சேருங்கள்.