கறார் கணக்கா, பாதித் தட்டா, வார இறுதி விடுமுறையா?

மாவுச்சத்தை (கார்போஹைட்ரேட், சர்க்கரையும் இதில் சேர்த்தி) குறைக்கலாம் என்று கிளம்புகிறவர்களுக்குப் பொதுவாக மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. ஒன்று கறாரான கீட்டோ: ஒரு நாளைக்கு 20 முதல் 50 கிராம் வரைதான், அதற்கு மேல் ஒரு வாய்கூடக் கிடையாது. அடுத்தது 100, 130 கிராம் வரை இடம் கொடுக்கும் மிதமான வழி. இதைப் பாதித் தட்டு என்று வைத்துக்கொள்வோம். கடைசியாக, ஐந்து நாள் வாயைக் கட்டிவிட்டுச் சனி, ஞாயிறு இஷ்டம்போல் சாப்பிடுவது. மூன்றிலும் கொஞ்ச காலம் இருந்து பார்த்துவிட்டேன். எதில் சீக்கிரம் இளைக்கலாம் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தபோதெல்லாம் பாதியில் விட்டேன். ஒருநாள் சறுக்கினால் மறுநாள் எதில் திரும்ப ஒட்டிக்கொள்ள முடிகிறது என்று பார்க்க ஆரம்பித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

50 கிராம் என்றால் எவ்வளவு? வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 27. ஒரு சின்னக் கிண்ணம் சோறும் ஒரு பழமும் உள்ளே போனால் கீட்டோக்காரருக்கு அன்றைய கணக்கு தீர்ந்தது. முட்டையில் ஒரு கிராம்கூடத் தேறாது. அதனால்தான் முட்டை, மீன், கறி, கீரை என்று அவர் அதையே சுற்றிச் சுற்றி வருகிறார்.

ஆனால் கறாருக்கு ஒரு பெரிய வசதி உண்டு: யோசிக்கவே வேண்டாம். கேக்கை நீட்டினால் "சாப்பிடமாட்டேன்" என்பதோடு பேச்சு முடிந்தது. பாதித் தட்டுக்காரர் "கொஞ்சமா வையுங்க" என்பார். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று பரிமாறுகிறவர் கை தீர்மானிக்கும்.

கறாரின் சிக்கல் வேறு இடத்தில். முதல் வாரம் தலைவலி, அசதி. இன்சுலின் இறங்கியதும் சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் கூடுதலாக வெளியேற்றுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அதையும் தாண்டிவிடலாம். தாண்ட முடியாதது ஒரு விருந்து. ஒருவேளை வயிறாரச் சாப்பிட்டாலே கீட்டோசிஸ், அதாவது மாவுச்சத்து கிடைக்காமல் உடல் கொழுப்பை எரித்து ஓடும் நிலை, கலைந்துவிடும், திரும்பிப் போக இரண்டு மூன்று நாள் ஆகலாம். "போனது போச்சு, திங்கட்கிழமை பார்த்துக்கலாம்" என்ற குரல் அங்கேதான் கேட்கும். எனக்கு அந்தத் திங்கட்கிழமை வர நான்கு மாதம் ஆனது.

வார இறுதி விடுமுறை முறையை எனக்கு அறவே பிடிக்கவில்லை. ஈரலிலும் தசையிலும் சேர்ந்து சுமார் 500 கிராம் கிளைக்கோஜன், அதாவது உடல் சேமித்துவைக்கும் சர்க்கரை, இருக்கிறது; அதன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. அது பெருமளவு காலியானால் எடை மெஷின் ஒன்றரை, இரண்டு கிலோ குறைத்துக் காட்டும். ஞாயிற்றுக்கிழமை நிரப்பினால் திங்கட்கிழமை அத்தனையும் திரும்ப நிற்கும். கொழுப்பு கரைந்ததா என்றே தெரியாமல் வாராவாரம் தண்ணீரை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்போம்.

2018-ல் வெளியான ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு ஒன்றில் 609 பேரைக் குறைகொழுப்பு, குறைமாவு என்று இரண்டு அணியாகப் பிரித்து 12 மாதம் கவனித்தார்கள். முதல் அணி சராசரியாக 5.3 கிலோ, இரண்டாவது 6 கிலோ குறைத்தது. பெரிய வித்தியாசம் இல்லை. எனக்குச் சுவையாகப் பட்டது வேறு. குறைமாவு அணிக்கு முதல் எட்டு வாரம் 20 கிராம்தான் இலக்கு. பிறகு தாக்குப்பிடிக்கக்கூடிய அளவுக்குக் கூட்டிக்கொள்ளலாம் என்றார்கள். ஆண்டு முடிவில் அவர்கள் சாப்பிட்டதாகச் சொன்னது சுமார் 132 கிராம். கறாராகத் தொடங்கியவர்கள் ஒரு வருடத்தில் பாதித் தட்டில் வந்து நின்றிருக்கிறார்கள்!

அதனால் என் ஓட்டு பாதித் தட்டுக்கே. அதற்கும் ஒரு நோய் உண்டு: சத்தமில்லாமல் வளரும். 100 கிராம் சோறு என்று கண் அளவில் போட்டுக்கொண்டிருந்ததை ஒருநாள் சமையலறைத் தராசில் வைத்தேன். 190 காட்டியது. 53 கிராம் மாவுச்சத்து, அதுவும் ஒரே வேளையில். அப்புறம் இரண்டு வாரம் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்ததில், எது என்னை ஏமாற்றுகிறது என்று புரிந்தது. காபிச் சர்க்கரை ஒரு தேக்கரண்டிக்கு 4 கிராம். இரண்டு கரண்டி வீதம் நாலு காபி என்றால் 32. "சர்க்கரை சேர்க்காதது" என்று போட்ட மிட்டாயில் மால்டிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் அதுவும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும்.

நீரிழிவுக்கு இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்கள் எந்த வழியையும் மருத்துவரிடம் பேசாமல் தொடங்கக் கூடாது. டோஸைக் குறைக்காவிட்டால் சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களுக்கு கீட்டோ இன்னும் ஆபத்து. ரத்தச் சர்க்கரை சாதாரணமாகத் தெரியும்போதே கீட்டோ அமிலத்தன்மை (ரத்தத்தில் அமிலம் ஆபத்தான அளவுக்குச் சேர்வது) வந்துவிடலாம்.

என் தராசு இப்போது அலமாரியில் இருக்கிறது. சோற்றுக்கென்று ஒரு சின்னக் கிண்ணம், தலைதட்டினால் சரியாக 100 கிராம். மாதம் ஒருமுறை மட்டும் நிறுத்துப் பார்க்கிறேன். போன மாதம் 130 காட்டியது. கிண்ணம் அதேதான், நான்தான் குவித்துப் போட்டிருக்கிறேன்.