ராஜபாளையம் குட்டி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: "தாய்க்கு ஒரு காதுதான் மந்தம்" என்றால் விட்டுவிடுங்கள்

பெங்களூரில் ராஜபாளையம் நாய்க்குட்டி தேடிக்கொண்டிருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 22,000 ரூபாய் போனது. பணத்தைக்கூட விடுங்கள், வாங்கிய குட்டி, எங்கள் முத்துவுக்கு, இரண்டு காதும் கேட்காது, அதுதான் ஆறவில்லை.

என் பிறந்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம். அங்கே எப்போதும் ஒரு ராஜபாளையம் வாசலில் படுத்திருக்கும். கல்யாணமாகி இங்கே வந்து பதினோரு வருஷம் கழித்து இப்போதுதான் ஜீவனஹள்ளியில் கொஞ்சம் முற்றத்தோடு ஒரு தனி வீடு அமைந்தது. ஊரிலிருந்தே குட்டி கொண்டுவரலாம் என்று அப்பா சொன்னார், நான்தான் அவசரப்பட்டு, நகருக்கு வெளியே குட்டி விற்கும் ஒருவரைப் பற்றித் தெரிந்தவர்கள் சொன்னதும் செப்டம்பர் கடைசியில் போய்ப் பார்த்தேன். தமிழ்க்காரர்தான், நன்றாகப் பேசினார். "2005-ல தபால் தலையில போட்ட ஜாதி அக்கா இது" என்றார், அது உண்மைதான். ஒரே ஈத்தில் ஏழு குட்டி, எல்லாம் பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. தட்டைத் தரையில் தட்டினார், ஏழும் ஓடிவந்தன. 35 நாள் குட்டியை அன்றைக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

கூப்பிட்டால் திரும்பாது. சின்னது, பழகவில்லை என்று நினைத்தோம். தடுப்பூசி போடப் போன இடத்திலும் அதையேதான் சொன்னார்கள், சோதித்துப் பார்க்கவில்லை. தீபாவளி அன்று எதிர்வீட்டில் பத்தாயிரம் வாலா வெடித்தார்கள். குட்டி பயந்து எங்கேயாவது ஒளிந்திருக்கும் என்று கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால் எல்லாம் தேடினேன். அது ஹால் ஜன்னலுக்குக் கீழே நான்கு காலையும் நீட்டிப் படுத்து, வயிறு மெதுவாக ஏறி இறங்கத் தூங்கிக்கொண்டிருந்தது. காதுமடல்கூட அசையவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தொட்டேன், திடுக்கிட்டு எழுந்து என் விரலைக் கவ்விவிட்டு, நான்தான் என்று தெரிந்ததும் நக்கியது. அந்த நிமிஷம் எனக்குப் புரிந்துவிட்டது.

வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் குட்டியைத் தரையில் விட்டு, என்னை முன்னால் உட்காரச் சொல்லிவிட்டு, அதன் கண்ணில் படாமல் தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினார், விசில் அடித்தார். ஒன்றுக்கும் அசைவில்லை. பக்கத்தில் நின்று கை தட்டினால் காற்று படும், தரையைத் தட்டினால் அதிர்வு தெரியும், கூட்டத்தில் ஒரு குட்டி ஓடினால் கேட்காததும் சேர்ந்து ஓடும், அதனால்தான் ஏமாந்துபோகிறார்கள் என்றார். தட்டைத் தட்டிக் காட்டினாரே, அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

விற்றவருக்கு போன் செய்தேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "தாய்க்கு ஒரு காது கொஞ்சம் மந்தம் அக்கா, இன்னொரு காது சூப்பரா கேக்கும், அதெல்லாம் ஒரு குறையா?" என்றார். தெரிந்தேதான் அந்தத் தாயை இணை சேர்த்திருக்கிறார். குட்டியைத் திருப்பிக் கொடுங்கள், வேறு தருகிறேன் என்றார். திருப்பிக் கொடுத்தால் இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பதில் வரவில்லை. கொடுக்கவில்லை நாங்கள்.

அந்த ஒரு காது விஷயத்தைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். காதுக்குள்ளே நிறம் தரும் செல்கள் இல்லாமல் போனால், ஒலியை வாங்கும் நுண்மயிர் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடுகின்றன. வெள்ளை நிறத்துக்கும் செவிட்டுக்கும் உள்ள தொடர்பு அதுதான். டால்மேஷியன் நாய்களில் இதை நிறையச் சோதித்திருக்கிறார்கள்: அமெரிக்கக் கணக்கில் சுமார் 8 சதவீதத்துக்கு இரண்டு காதும், சுமார் 22 சதவீதத்துக்கு ஒரு காதும் கேட்பதில்லை. ஒரு காது போன நாயும் இரண்டு காதும் போன நாயும் கடத்துவது ஒரே குறையைத்தான். ஒரு காது கேட்கும் நாய் நன்றாகவே வாழும், சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதில் மட்டும் தடுமாறும், அதனால் வளர்க்கிறவருக்கே பல நேரம் தெரியாது. அந்த நாய்க்கு அது சின்னக் குறைதான், ஆனால் குட்டி எடுக்க நினைத்தால் சின்னக் குறை இல்லை. காது நன்றாகக் கேட்கும் ஜோடிக்கும் செவிட்டுக் குட்டி பிறக்கலாம் என்பதும் நிஜம், அதற்காகத் தெரிந்த குறையோடு சேர்ப்பதா?

"இருக்கிறதே கொஞ்சம் ராஜபாளையம், குறை சொல்லி ஒவ்வொன்றாக ஒதுக்கினால் ஜாதியே மிஞ்சாது" என்று அப்பா சொல்வார். அதில் நியாயம் இருக்கிறது. வால் வளைவு சரியில்லை, பல்வரிசை துளி முன்பின், இதற்கெல்லாம் நல்ல நாயை ஒதுக்கக் கூடாது, ஜோடியைப் பார்த்துச் சேர்த்தால் போதும். காது அப்படி இல்லை. பிறந்த குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று எடுக்கிறார்களே பெரா டெஸ்ட், அதே முறையில் நாய்க்கும் 'பேயர்' என்று ஒரு சோதனை உண்டு, ஐந்தாறு வாரக் குட்டிக்கே எடுக்கலாம், ஒரு காதுக் குறை நிச்சயமாகத் தெரிவது அதில்தான். விற்கிறவர் அதை எடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் குட்டியைத் தனியாகப் பிரித்து, பின்பக்கம் தள்ளி நின்று சாவியைக் குலுக்கிப் பாருங்கள், தூங்கும்போது செய்தால் இன்னும் நல்லது, ஆனால் ஒரு காது கேட்கும் குட்டியும் இதில் தேறிவிடும். போன ஈத்துக் குட்டிகள் எந்த வீட்டில் இருக்கின்றன என்று கேட்டு அந்த வீட்டாரிடமும் பேசுங்கள். 2017-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, நாய் இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும், எட்டு வாரத்துக்கு முன்னால் குட்டியை விற்கக் கூடாது. 35 நாளில் தூக்கிக் கொடுத்ததே தப்பு, எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

போன வாரம் அவரே போன் செய்தார். "முத்துவுக்குப் பத்து மாசம் ஆகட்டும் அக்கா, காது கேக்குற பெட்டையோட விட்டுப் பார்க்கலாம், ஒரு குட்டி உங்களுக்கு ஃப்ரீ" என்கிறார். முடியாது என்று வைத்துவிட்டேன், முத்துவுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்வது பற்றி டாக்டரிடம் பேசியாகிவிட்டது. இப்போது வாசல் கேட் லைட்டை இரண்டு தடவை அணைத்துப் போட்டால் சாப்பிட வருகிறது. கட்டை விரலை உயர்த்தினால் 'சபாஷ்' என்று அர்த்தம், வாலைச் சுழற்றுகிறது. தெருவில் சங்கிலி இல்லாமல் ஒரு நிமிஷம்கூட விட முடியாது, பின்னால் வரும் ஆட்டோ அதற்குத் தெரியாது.

பேச்சோடு பேச்சாக அவர் இன்னொன்றும் சொன்னார். அதே தாயை ஜனவரி கடைசியில் மறுபடி சேர்த்தாகிவிட்டதாம், ஆகஸ்டில்தான் ஈன்ற தாய், ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 63 நாள் கணக்கில் ஏப்ரல் முதல் வாரம் குட்டி போடும், மே மாதம் உங்களிடம் விற்க வருவார்.