ஆபரேட்டர் ஃபர்ம்வேரோடு ஒரு நோக்கியா என்95: நீண்ட நாள் அனுபவம்

நோக்கியா என்95 சந்தைக்கு வந்தது 2007 மார்ச்சில். அந்த ஆண்டே லண்டனில் 18 மாத ஒப்பந்தத்தில் ஒன்று எடுத்தேன். முழு விலை கொடுத்து வாங்குவதை விட மாதச் சந்தாவோடு சேர்த்து எடுப்பது எளிது என்பதால், அப்போது பிரிட்டனில் ஏராளமானோர் அப்படித்தான் போன் வாங்கினார்கள். ஆனால் அந்த வழியில் வரும் போனில் நோக்கியா எழுதிய ஃபர்ம்வேர், அதாவது போனை இயக்கும் உள் மென்பொருள், அப்படியே இருக்காது. ஆபரேட்டர், அதாவது தொலைபேசி நிறுவனம், சிலதைச் சேர்க்கும், சிலதை எடுக்கும், பிறகுதான் பெட்டியில் போடும். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை, அதனால் பெயர் வேண்டாம்.

போனைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. மேலே தள்ளினால் எண் விசைகள், கீழே தள்ளினால் பாட்டுக்கான விசைகள். 5 மெகாபிக்சல் கேமரா, வைஃபை, ஜிபிஎஸ், 3ஜி எல்லாம் ஒரே கருவியில். 950 எம்ஏஎச் பேட்டரி மாலைக்குள் தீர்ந்துவிடும் என்பது மட்டும்தான் தொல்லை.

ஆபரேட்டர் ஃபர்ம்வேர் என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது லோகோவைத்தான். போனை ஆன் செய்தால் நிறுவனத்தின் அனிமேஷன், முகப்பில் அவர்களுடைய குறுக்குவழிகள், 0 விசையை அழுத்திப் பிடித்தால் அவர்களுடைய இணைய வாசல். இதெல்லாம் சில வாரங்களில் கண்ணுக்குப் பழகிவிடும். நல்லதையும் சொல்லவேண்டும்: சிம்மைப் போட்டதும் இணையமும் எம்எம்எஸ்ஸும் தானாக வேலை செய்தன. வெளியில் போன் வாங்கிய நண்பர்கள் அக்சஸ் பாயிண்ட் அமைப்புகளைக் கையால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

வலித்தது வேறு இடத்தில். என்95-இல் இணையவழி அழைப்பு வசதி உள்ளேயே உண்டு. இணையவழி அழைப்புக்கான சிப் (SIP) என்ற நெறிமுறையில் ஒரு கணக்கைப் போட்டுவிட்டால் போதும், வீட்டு வைஃபையில் இருந்தபடி தொடர்புப் பட்டியலில் ஒரு பெயரைத் தேர்ந்து அழைக்கலாம். சாதாரண ஃபர்ம்வேர் இருந்த நண்பனின் போனில் ‘அழை’ என்பதை அழுத்தினால் குரல் அழைப்பு, வீடியோ அழைப்பு, இணைய அழைப்பு என்று மூன்று வரி வரும். என் போனில் இரண்டு வரிதான். அமைப்புகளுக்குள் போய்த் தேடினால் சிப் என்ற பகுதியே இல்லை. பிரிட்டனில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் என்95-இல் இதை நீக்கின, அந்த ஆண்டே அது செய்தியாகவும் வந்தது.

ஊரை விட்டு வந்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. மதுரையில் இருக்கும் அம்மாவிடம் பேச லண்டன் ஈஸ்ட் ஹாம் கடைகளில் காலிங் கார்டு வாங்கி, சுரண்டி, அணுகல் எண்ணை அழைத்து, நீளமான பின் எண்ணைத் தட்டி, அதற்கப்புறம் ஊர் எண்ணைத் தட்டவேண்டியிருந்தது. அதைத் தவிர்க்கும் வழி என் கையில் இருந்த கருவிக்குள்ளேயே இருந்தது. போனுக்கு மானியம் கொடுத்த நிறுவனம் அழைப்பு வருமானத்தைக் காக்க நினைத்தது எனக்குப் புரிகிறது. ஆனால் வீட்டு வைஃபைக்கு நான் தனியாகப் பணம் கட்டுகிறேன். அதன் வழியே யாரிடம் பேசுவது என்பதில் அவர்களுக்கு உரிமை இல்லை என்பதுதான் அன்றும் இன்றும் என் கருத்து. இணையம் வழியே பேச உதவும் ஃபிரிங் என்ற செயலியை நிறுவிச் சமாளித்தேன். பேச முடிந்தது, ஆனால் குரல் தாமதமாக வரும், அம்மா “கேக்குதா, கேக்குதா” என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

இரண்டாவது பிரச்சினை அப்டேட். இதை நான் இன்னும் பெரிய குறையாகச் சொல்வேன், ஏனென்றால் இது வெளியே தெரியவே தெரியாது. என்95 வெளிவந்தபோது அதன் ஜிபிஎஸ் தனியாகவே செயற்கைக்கோளைத் தேடும். செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை விநாடிக்கு 50 பிட் வேகத்தில்தான் அனுப்புகிறது. சிக்னல் தடையில்லாமல் கிடைத்தாலே ஒவ்வொன்றின் விவரம் முழுதாக வர அரை நிமிடம் ஆகும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே அது பாதியில் அறுந்து மறுபடி ஆரம்பிக்கும். போதாததற்கு ஆன்டெனா எண் விசைகளுக்கு அடியில் இருந்தது, அதனால் போனை மேலே தள்ளித் திறந்து வானத்தைப் பார்த்துப் பிடித்தபடி நிற்கவேண்டும். 2007-இலேயே வந்த 12-ஆம் பதிப்பு ஃபர்ம்வேர் இதற்கு ஏ-ஜிபிஎஸ் வசதியைத் தந்தது. பாதை விவரத்தை மொபைல் நெட்வொர்க் வழியாகவே வாங்கிக்கொள்ளும், இடம் சீக்கிரம் கிடைத்துவிடும். அடுத்து வந்த 20-ஆம் பதிப்பு டிமாண்ட் பேஜிங்கைக் கொண்டுவந்தது. ஒரு நிரலை முழுசாக நினைவகத்தில் ஏற்றாமல், தேவைப்படும் பக்கங்களை மட்டும் ஏற்றும் முறை அது. 64 எம்பி ரேம் மட்டுமே உள்ள போனில் அதன் பலன் பெரிது. கேமரா வேகமாகத் திறக்கும், பிரவுசர் ‘நினைவகம் போதவில்லை’ என்று மூடிக்கொள்வது குறையும்.

இரண்டும் நண்பனின் போனுக்கு வந்தன. என் போனைக் கணினியில் இணைத்து நோக்கியாவின் அப்டேட்டரைத் திறந்தால், புதிய மென்பொருளே உங்கள் போனில் உள்ளது என்று பதில் வரும். காரணம் பேட்டரிக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஏழு இலக்க ப்ராடக்ட் கோடு. அதே எண் போனுக்குள்ளும் பதிந்திருக்கும். இந்த நாடு, இந்த மொழிகள், இந்த ஆபரேட்டர் என்று அதுதான் அடையாளம் சொல்கிறது. அந்த எண்ணுக்கு உரிய ஆபரேட்டர் புதிய பதிப்பைச் சோதித்து ஒப்புதல் தராதவரை, அப்டேட்டரைப் பொறுத்தவரை புதிய பதிப்பு என்று ஒன்று கிடையாது. நாமோ போனில் இனி செய்ய ஒன்றும் இல்லை என்று நம்பிவிடுவோம். நெட்வொர்க்கில் சோதித்துப் பார்ப்பது நியாயமான வேலைதான், ஆனால் பிழை திருத்தங்களை மாதக்கணக்கில் நிறுத்திவைத்துவிட்டு ‘எல்லாம் புதிதாக இருக்கிறது’ என்று காட்டியது நியாயமில்லை.

ஜாவா செயலிகளுக்கான அனுமதியும் இறுக்கம்தான். ஒவ்வொரு முறை இணையத்தைத் தொடும்போதும் ‘அனுமதிக்கலாமா’ என்று கேட்கும், அதை ‘எப்போதும்’ என்று மாற்றும் தேர்வு இருக்காது.

ஒப்பந்தம் முடிந்ததும் அந்த ப்ராடக்ட் கோடு எண்ணை மாற்றினேன். நெமிசிஸ் சர்வீஸ் சூட் என்ற கணினி நிரலில் போனை இணைத்து, பழைய எண்ணைக் குறித்துவைத்து, ஆபரேட்டர் சாராத எண் ஒன்றை எழுதினால் போதும். அதன் பிறகு அதே அப்டேட்டர் அதே போனுக்குப் புதிய பதிப்பு இருப்பதாகச் சொன்னது. அப்டேட் எல்லாவற்றையும் அழித்துவிடும் என்பதால் நோக்கியாவின் பிசி சூட் என்ற கணினி நிரலில் முன்பே பேக்கப் எடுத்திருந்தேன். திரும்ப ஏற்றும்போது தொடர்புகளையும் செய்திகளையும் மட்டும் ஏற்றினேன், பழைய அமைப்புகளைத் தொடவில்லை. போன் நோக்கியாவின் கைகோக்கும் அனிமேஷனோடு எழுந்தது, அமைப்புகளில் சிப் பகுதி இருந்தது, அழைப்புப் பட்டியலில் மூன்றாவது வரி வந்திருந்தது. அன்று மாலை மதுரைக்குப் பேசினேன், அம்மா ஒருமுறை கூட “கேக்குதா” என்று கேட்கவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும்: இதனால் சிம் லாக் போகாது. அது வேறு நிறுவனத்தின் சிம்மை ஏற்காதபடி போட்ட தனிப் பூட்டு, அதற்கு ஆபரேட்டரிடம் தனியாகத் திறப்பு எண் கேட்டு வாங்கவேண்டும்.

போன் இன்னும் என்னிடம் இருக்கிறது. பிரிட்டனில் 3ஜி சேவையை நிறுவனங்கள் 2023 முதலே மூடத் தொடங்கிவிட்டதால் இப்போது 2ஜி அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும்தான் பயன்படுகிறது. பழைய பிரவுசரால் இன்றைய பாதுகாப்பு நெறிமுறைகளோடு பேச முடியாது, பெரும்பாலான தளங்கள் திறப்பதில்லை. விசைகளும் கேமராவும் நன்றாகவே இருக்கின்றன.

இப்போதும் சிலர் ஆசைக்காகப் பழைய என்95 தேடி வாங்குகிறார்கள். வாங்குமுன் *#0000# தட்டிப் பதிப்பு எண்ணைப் பாருங்கள், போனை ஒருமுறை அணைத்துப் போட்டு எந்த அனிமேஷன் வருகிறது என்று பாருங்கள். பதிப்பு 20-க்குக் கீழே இருந்து ஆபரேட்டர் லோகோவும் வந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். நோக்கியாவின் அந்த அப்டேட்டர் இன்று உதவாது, அதனால் ப்ராடக்ட் கோடு எண்ணை மாற்றினாலும் புதிய ஃபர்ம்வேர் தானாக இறங்காது. அதே விலைக்கு ஆபரேட்டர் முத்திரை இல்லாத போன் கிடைத்தால், உடம்பில் நாலு கீறல் இருந்தாலும் அதையே எடுங்கள்.