சிறையில் இருந்த நாட்களுக்கு இழப்பீடு வாங்கித் தருகிறேன் என்று வருபவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

என் அண்ணன் செய்யாத வழிப்பறிக்காகக் கேப்பர் மலைச் சிறையில் மூன்று ஆண்டுகள் இருந்தார். மேல்முறையீட்டில் விடுதலையாகித் திரும்பியபோது, கடலூர் முதுநகரில் அவர் நடத்திய சைக்கிள் கடையில் வேறொருவர் வளையல் விற்றுக்கொண்டிருந்தார்.

மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் தீர்ப்பு நகலுக்காகக் காத்திருந்தபோதுதான் அந்தத் தரகர் பேச்சுக் கொடுத்தார். தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களுக்கு அரசுத் திட்டம் இருக்கிறதாம், ஐந்து லட்சம் வருமாம், கோப்பை நகர்த்த மட்டும் 22,000 ரூபாய் ஆகுமாம். விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 2018இல் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் வழங்கச் சொன்ன செய்தித்தாள் நறுக்கையும் காட்டினார். நம்பி நாராயணனை எந்த நீதிமன்றமும் தண்டிக்கவே இல்லை, அவர் விவகாரம் பொய் வழக்கும் கைதும் என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. அம்மா இரண்டு வளையல்களை அடகு வைத்தார்.

விண்ணப்பத்தை அவரே நிரப்பினார். ஆறாவது வரியில் ‘காயத்தின் தன்மை’ என்று இருந்தது. சிறைக்குப் போனதற்குக் காயம் எதற்கு என்று அண்ணன் கேட்டார். "மன உளைச்சல் என்று போடலாம் தம்பி" என்று எழுதிவிட்டார். நான்கு மாதம் கழித்து, அவர் தொலைபேசியை எடுப்பதே நின்ற பிறகு, அந்தத் தாளின் நகலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தலைப்பை வெள்ளை மை பூசி மறைத்து, மேலே வேறு தலைப்பு ஒட்டி நகலெடுத்திருக்கிறார். அடியில் மங்கலாக, ‘குற்றத்தால் பாதிக்கப்பட்டோர்’.

சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்டபோது விளங்கியது. அந்தத் திட்டம் உண்மையானதுதான், ஆனால் அது தாக்கப்பட்டவர்களுக்கும் கொலையுண்டவர் குடும்பத்துக்கும் உரியது. தவறாகத் தண்டிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர நம் நாட்டில் தனிச் சட்டமே கிடையாது. அப்படி ஒன்று வேண்டும் என்று, மத்திய அரசுக்குச் சட்ட ஆலோசனை சொல்லும் சட்ட ஆணையம் 2018இல் தன் 277ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது, வந்தபாடில்லை. உரிமை பறிபோனது என்று உயர் நீதிமன்றத்தில் நேரடியாக முறையிடும் ரிட் மனு போடலாம், தருவதும் மறுப்பதும் நீதிபதிகள் கையில். 1968இல் நீதிமன்றம் விடுதலை செய்த பிறகும் பீகார் சிறையில் பதினான்கு ஆண்டுகள் அடைத்து வைக்கப்பட்ட ருதுல் சா என்பவருக்கு உச்ச நீதிமன்றம் 1983இல் கிடைக்கச் செய்த தொகை மொத்தமே 35,000 ரூபாய். நம் தரகர் ஐந்து லட்சம் என்றாரே!

பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும், வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கும் ஆணைக்குழுவே இலவசமாக வழக்கறிஞர் அமர்த்தித் தருகிறது. இது தெரியாமல் போனதுதான் எனக்கு இன்னமும் ஆறவில்லை.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். ஆள் இப்போது புதுச்சேரி நீதிமன்ற வாசலில் நடமாடுவதாகக் கேள்வி. உங்களிடம் தாளை நீட்டினால் ஆறாவது வரியைப் படித்துப் பாருங்கள்.