லெத்வேயா, சிலம்பமா?

ரங்கூன் தமிழ்ப் பையனைச் சண்டைக்காரனாக வைத்துக் கதை எழுதுகிறீர்களா? என் ஓட்டு பர்மியக் குத்துச்சண்டையான லெத்வேக்குத்தான்.

கையுறை கிடையாது, துணியும் டேப்பும் சுற்றிய வெறுங்கை. தலையாலும் முட்டலாம். மரபு விதிப்படி 3 நிமிடச் சுற்றுகள் 5, புள்ளிக் கணக்கே இல்லை. இருவரும் கடைசிவரை நின்றால் சமன். நாம் தொடை தட்டுவதுபோல, அவர்கள் மடக்கிய இடது கையை வலது உள்ளங்கையால் அறைந்து சவால் விடுவார்கள். அடிபட்டு மயங்கியவன் ஒருமுறை 2 நிமிட ஓய்வு எடுத்துக்கொண்டு திரும்பி வரலாம். கடைசிச் சுற்றில் மட்டும் அது இல்லை. கதாசிரியருக்கு இந்த 2 நிமிடம் பெரிய வரம்: முகத்தில் தண்ணீர் ஊற்றுகிறார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், எழுவதா வேண்டாமா என்று அவனே முடிவு செய்ய வேண்டும்.

சிலம்பத்தில் உயிர் காலடியில் இருக்கிறது. கம்பின் வீச்சை மட்டும் எழுதினால் பயின்றவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். போட்டியில் தொட்டாலே புள்ளி என்பதால் வலியைவிடத் தூரக் கணக்குதான் முக்கியம். தாத்தாவிடம் கற்ற பேரன் என்றால் இது அழகாகப் பொருந்தும். ஆனால் குறுகலான சந்தில் நீளக் கம்பைச் சுழற்றவிடாதீர்கள், இடம் போதாது.

லெத்வேக்கு ரங்கூனின் தெயின்பியூ அரங்கில் ஒரு மாலை உட்காருங்கள். அப்புறம், முஷ்டியை விட்டுவிட்டு அடிவாங்கியவனின் முழங்கால்களைக் கவனியுங்கள்.