பாறையில் சோலார் பேனல் நிறுத்தப் போகிறவர்களுக்கு: என் 2,86,000 ரூபாய் போன விதம்

பதினொரு நாட்களுக்கு முன் மாலையில் அடித்த கோடைச் சூறையில், மேலூர் பக்கம் எங்கள் தோட்டத்துப் பாறையின் மேல் நிறுத்தியிருந்த பத்து சோலார் பேனல்களும் இரும்புச் சட்டத்தோடு சேர்ந்து பெயர்ந்து, இருபதடி தள்ளிப் போய்த் தலைகுப்புற விழுந்தன. அந்த அமைப்புக்காக நான் கொடுத்த பணம் 2,86,000 ரூபாய். வேலை செய்தவர்களிடமிருந்து இன்று காலை வரை ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. இனித் திரும்பும் என்று நம்பவும் அவர்கள் இடம் வைக்கவில்லை. கோபம் ஆறிவிட்டால் போனது போகட்டும் என்று நானே சொல்லிவிடக்கூடிய ஆள் என்பதால், ஆறுவதற்கு முன்பே எழுதுகிறேன். பாறையில் பேனல் நிறுத்துகிறவர்கள் எதையெதைப் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொல்கிறேன்.

எங்களுக்கு இருப்பது மூன்று ஏக்கர். அதில் முக்கால் ஏக்கர் புல்கூட முளைக்காத வெறும் பாறை. எள்ளும் உளுந்தும் காயப்போடுவதைத் தவிர அதனால் வேறு பயன் இருந்ததில்லை. ஆழ்துளைக் கிணற்றில் உள்ள 5 எச்பி மோட்டாரை டீசல் ஜெனரேட்டர் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். இலவச மின் இணைப்புக்கும் மானிய சோலார் பம்ப்புக்கும் வரிசையில் நிற்கப் பொறுமை இல்லாமல், கைக்காசைப் போட்டுச் செய்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். பாறையில் நிழல் விழாது, பயிர் நிலமும் வீணாகாது என்ற அந்த யோசனையில் தவறு இருந்ததாக இப்போதும் நான் நினைக்கவில்லை.

வீட்டு வேலைகளுக்கும் தோட்ட வேலைகளுக்கும் ஆள் பிடித்துத் தரும் ஒரு கைபேசிச் செயலி வழியாகத்தான் அந்த நிறுவனம் கிடைத்தது. மூன்றாம் நாள் வந்தவருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். பாறையில் ஏறியதும் குந்தி உட்கார்ந்து, பையிலிருந்து சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்துத் தட்டினார். கணீரென்று மணி போலக் கேட்டது. "கேட்டீங்களா ஐயா? கீழ வரைக்கும் ஒரே கல்லு. இதுல கம்பிய இறக்கிட்டா உங்க பேரன் காலத்துலயும் அசையாது" என்றார். அதற்கு முன் நான் பேசிய மூன்று பேரும் பாறை என்ற சொல்லைக் கேட்டதும் தொலைபேசியிலேயே ஒதுங்கிக்கொண்டவர்கள். இவரோ உச்சி வெயிலில் குந்தியிருந்து கல்லைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிறார். அந்த ஒரு தட்டலில் நான் விழுந்தேன். வீட்டுக்கு அழைத்து மோர் கொடுத்து, அன்று மாலையே ஒரு லட்சம் முன்பணம் அனுப்பினேன். அவர் தட்டியது பாறையின் நடுவில் புடைத்திருந்த ஒரே ஓர் இடத்தில்தான் என்பதும், பேனல் நின்றது அங்கிருந்து முப்பதடி கீழே தெற்குச் சரிவில் என்பதும் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

விலைப்பட்டியலில் 540 வாட் பேனல்கள் பத்துக்கு 1,35,000 ரூபாயும், பம்ப் கண்ட்ரோலருக்கு 45,000 ரூபாயும், துத்தநாகம் பூசிய சட்டத்துக்கு 60,000 ரூபாயும், "பாறை வேலை" என்ற தலைப்பில் 46,000 ரூபாயும் போட்டிருந்தார்கள். பாறை வேலை என்றால் என்ன என்று கேட்டு, நானே அதை எழுதியும் வாங்கினேன்: எட்டுக் கால்கள், ஒவ்வொரு காலுக்கும் நான்கு துளைகள், 18 மில்லிமீட்டர் துளையில் 16 மில்லிமீட்டர் மரைக்கம்பி, ஒன்பது அங்குல ஆழம், துளைத்தூளை ஊதியும் பிரஷ் போட்டும் சுத்தம் செய்தபின் எபாக்சி கெமிக்கல் ஆங்கர் (கம்பியைத் துளைக்குள் ஒட்டிப் பிடிக்கும் பசை), அதன் மேல் ஓரடிக்கு ஓரடி காங்கிரீட் பீடம். தாளில் இருந்தது ஒழுங்கான முறைதான். தூள் இல்லாத துளையில் பசை பாறையின் சொரசொரப்பை முழு ஆழத்துக்கும் கவ்விக்கொள்ளும், கம்பியும் கல்லும் ஒன்றாகிவிடும்.

வேலை நடந்த இரண்டு நாட்களும் உறவினர் வீட்டுத் திருமணத்துக்காகக் காரைக்குடியில் இருந்தேன். இரண்டாம் நாள் மதியம் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது அவரிடமிருந்து அழைப்பு வந்தது. "வேலை முடிஞ்சிருச்சு ஐயா, பசங்க கிளம்பணும், செயலியில வந்த ஓடிபிய மட்டும் சொல்லிருங்க" என்றார். இலையில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இடது கையில் கைபேசியைப் பிடித்தபடி நான்கு எண்களையும் சொன்னேன். மீதி 1,86,000 ரூபாயையும் அன்றிரவே அனுப்பிவிட்டேன். ஊருக்குத் திரும்பிப் பார்த்தபோது பேனல்கள் தெற்கு நோக்கிப் பத்து டிகிரி சாய்வில் அழகாக நின்றன, கால்களின் அடியில் வெள்ளையடித்த பீடங்கள் எட்டு. இரண்டு மாதம் தண்ணீர் குறையில்லாமல் வந்தது.

சூறை அடித்த மறுநாள் காலை பாறைக்குப் போனபோது, ஆறு பேனல்களின் கண்ணாடி சிலந்தி வலைபோல நொறுங்கியிருந்தது. உடையாததுபோலத் தெரிந்த நான்கிலும் உள்ளே செல்களில் விரிசல் இருக்கக்கூடும் என்று ஒரு மின்பணியாளர் சொன்னார். என்னை நிறுத்தி வைத்தது பேனல்கள் அல்ல, பீடங்கள். கவிழ்ந்து கிடந்த ஒன்றின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். பாறையின் மேல்தோல் அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. காய்ந்த பாசியும், காங்கிரீட் ஊற்றும்போது அகப்பட்ட நான்கைந்து எறும்புகளும்கூட ஒட்டியிருந்தன. பாறையைக் கொத்தவில்லை, கழுவவில்லை, பெருக்கக்கூட இல்லை. பலகை அடித்து அப்படியே ஊற்றியிருக்கிறார்கள். எட்டுக் கால்களில் ஐந்துக்குத் துளையே இல்லை. மூன்றுக்கு மட்டும் காலுக்கு இரண்டு துளைகள். பென்சிலை விட்டு அளந்தேன். மூன்று அங்குலத்துக்கு மேல் ஒன்றுகூட இல்லை, அடியில் துளைத்தூள் மாவுபோல அப்படியே கிடந்தது. கெமிக்கல் ஆங்கருக்குப் பதிலாக, சுவரில் அலமாரி மாட்டப் பயன்படும் விரியும் போல்ட்டுகளைத் திருகியிருந்தார்கள்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் முப்பது வருடம் கல்லுடைத்தவர். அவர் கையில் கிடைத்த கல்லால் அந்தச் சரிவைத் தட்டிக்கொண்டே நடந்தார். நடுப்புடைப்பில் கணீரென்றது, பேனல் நின்ற இடத்தில் பானையைத் தட்டியதுபோலத் தொப்பென்றது. "இது பொருக்கு தம்பி, வெயில்ல உரிஞ்சு நிக்கிற பாளம். கல்ல பொளக்க வரிசையா துள போட்டு ஆப்பு அடிப்போம்ல, அதத்தான் அந்த போல்ட்டும் செஞ்சிருக்கு" என்றார். மூன்று அங்குலப் பாளத்தில் விரியும் போல்ட்டை முறுக்கினால் அது பாறையைப் பிடிக்காது, பிளக்கும். பொருக்கைத் தாண்டி அடிக்கல் வரை துளை போயிருக்க வேண்டும்.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875, மூன்றாம் பகுதியில் மதுரைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 93 கிலோ அழுத்தம் வருகிறது. பத்து பேனல்களின் பரப்பு ஏறத்தாழ 26 சதுர மீட்டர். ஆகவே 2,400 கிலோ. சாய்வையும் உயரத்தையும் பொறுத்து இது கூடும் குறையும், ஆனால் எதிர்ப்பக்கத்தில் இருந்தது என்ன? பேனல்கள் 280 கிலோ, சட்டம் சுமார் 250 கிலோ, பீடம் ஒன்றுக்கு 68 கிலோ வீதம் எட்டுக்கு 544 கிலோ, எல்லாம் சேர்த்து 1,100 கிலோகூட இல்லை. அன்றைய காற்று 39 மீட்டர் வேகத்தில் அடித்திருக்காது என்பது எனக்கும் தெரியும். வடக்கிலிருந்து வந்து, தூக்கி நிற்கும் பின்விளிம்பின் அடியில் புகுந்த காற்றுக்கு அவ்வளவு வேகம் தேவைப்படவும் இல்லை. இந்த மிச்சக் கனத்தைப் பிடித்து வைக்கத்தான் 32 கம்பிகளுக்கு 46,000 ரூபாய் கொடுத்தேன். அந்தக் கம்பிகளில் ஒன்றுகூட பாறைக்குள் போகவில்லை.

இதற்குப் பிறகு வந்த பதில்களைக் கேளுங்கள். முதல் நாள், "இயற்கைப் பேரிடர் ஐயா, வாரண்டியில வராது" என்றார் கல்லைத் தட்டிப் பார்த்த அந்த நிறுவனத்துக்காரர். துளைகளின் படங்களை அனுப்பியதும், வேலை செய்த பையன்களைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். நான்காம் நாள் தாம் ஊரில் இல்லை என்றார். ஆறாம் நாள், "பாறை உங்களுது, பாறைதான் உரிஞ்சு வந்திருக்கு, அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?" என்று குரலை உயர்த்தினார், பேரன் காலத்திலும் அசையாது என்ற அதே வாய். அதன்பின் என் வாட்ஸ்அப் செய்திகளுக்கு ஒற்றை டிக் மட்டுமே விழுகிறது. செயலிக்காரர்களோ, வேலை நிறைவடைந்ததாக நானே ஓடிபி கொடுத்து உறுதிசெய்துவிட்டேன் என்றும், பணம் நேரடியாக நிறுவனத்துக்குப் போனதால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்றும் எழுதினார்கள். மறுபடி எழுதியபோது, "உங்கள் புகார் தீர்க்கப்பட்டு மூடப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என்று வந்தது. 2,86,000 ரூபாய் போனவனிடம் நட்சத்திரம் கேட்கிறார்கள்.

வரிசையாகச் சொல்கிறேன் என்று தொடங்கினேன், நேரமில்லை, முக்கியமானவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கால் நிற்கும் இடத்தையும் தனித்தனியாகத் தட்டிப் பாருங்கள். தண்ணீர் ஊற்றிக் காயவிட்டால் கடைசிவரை ஈரமாக நிற்கும் கோடுதான் வெடிப்பு. பீடம் ஊற்றும் முன் துளைகளின் ஆழத்தை நீங்களே அளந்து படம் எடுங்கள், கம்பி நட்டுப் பசை இறுகியபின் இரண்டையாவது ஜாக்கி வைத்து இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். எர்த் கம்பி எங்கே போகிறது என்று பாருங்கள். எனக்குப் பாறை இடுக்கில் ஓர் இரும்புத் துண்டைச் செருகிச் சுற்றி வைத்திருந்தார்கள், அதை மண் உள்ள இடம் வரை இழுத்துப் புதைத்திருக்க வேண்டும். நேரில் பார்க்காமல் ஓடிபியைச் சொல்லாதீர்கள். ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும்.

மதுரையில் வக்கீல் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். படங்கள் போதும் என்றுதான் சொன்னார், ஆனால் எறும்பு ஒட்டிய அந்தப் பீடத்தை அவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். சரக்கு வண்டி வாசலில் வந்து நிற்கிறது. 68 கிலோவை ஏற்ற இன்னும் ஓர் ஆள் வேண்டும்.